ஆரூரும் பெரிய கோயிலும்: தஞ்சை நண்பருக்கு ஒரு மறுமொழி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். பேத்திக்கு ஐப்பசியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை தனியே வரும்.

பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திருவாரூர்க் கோயில் ஒரு திட்டமும் இல்லாமல் வளர்ந்து கிடப்பதாகவே படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சாவூர்க்காரர் வேறு எப்படிச் சொல்வார்! இராசராசன் ஒருவனின் மனத்தில் உருவாகி, அவன் காலத்திலேயே, 1010இல், விமானத்தின் உச்சியில் பொற்கலசம் ஏறிய கோயில் உங்களுடையது. ஆரூரை எந்த அரசனும் அப்படித் தொடங்கவில்லை. சோழப் பேரரசு எழுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, இறைவன் இவ்வூரைக் கோயிலாகக் கொண்டது எந்த நாளோ என்று அப்பர் பெருமான் ஒரு பதிகம் முழுவதும் கேட்டுக்கொண்டே போகிறார். அவருக்கே பழமையாகத் தோன்றிய தலத்தில் ஒரே கையின் ஒழுங்கைத் தேடுவது பொருந்தாது என்பது என் எண்ணம்.

அங்கே மூலவர் புற்றிடங்கொண்டார், வடமொழியில் வன்மீகநாதர். அவருக்குத் தெற்கே, தனிக் கருவறையில், உமையோடும் முருகனோடும் அமர்ந்த சோமாஸ்கந்தத் திருமேனியாகத் தியாகேசர் வீற்றிருக்கிறார். ஒரே வளாகத்துக்குள் அரநெறி என்னும் மற்றொரு பாடல் பெற்ற தலமும் அடங்கியிருக்கிறது. எண்ணெய் மறுக்கப்பட்ட நமிநந்தியடிகள் குளத்து நீரை வார்த்து விளக்கெரித்த இடம் அது. அதைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, ஆக்கியவர் சோழ அரசி செம்பியன் மாதேவியார். தியாகேசர் கோயில் கற்றளியானதும் பொன் வேயப்பெற்றதும் இராசேந்திரன் காலத்தில், அவனுடைய அனுக்கியார், அதாவது அன்புக்குரிய பெண்மணி, பரவை நங்கையாரால். அரசனும் அவரும் அங்கே சேர்ந்து நின்று வணங்கிய இடத்தை அடையாளம் காட்டக் குத்துவிளக்கு ஒன்று வைத்த செய்தியையும் கல்வெட்டு சொல்கிறது. சுந்தரரின் மனைவி பரவையார் வாழ்ந்த ஊரிலேயே அதே பெயருடைய இன்னொரு பெண்மணி இத்திருப்பணியைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆக, இந்தக் கோயிலின் இரு முக்கியக் கற்றளிகளும் பெண்கள் எடுப்பித்தவை. பேரரசர்களின் பெயரைச் சொல்லியே கோயில் வரலாறு எழுதிப் பழகிய நாம் இதைப் போதிய அளவு பேசுவதில்லை.

கட்டடத்தைவிட வழிபாட்டில்தான் ஆரூரின் ஒழுங்கு இருக்கிறது. அங்கே இறைவன் அரசன். அரசனை எவரும் எந்நேரமும் முழுமையாகக் காண முடியாது. தியாகேசரின் திருமேனி எப்போதும் ஆடையாலும் மலர்களாலும் மூடப்பட்டிருக்க, திருமுகம் மட்டுமே தெரியும். திருவடி தெரிவது மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரு பாதம்தான். அன்றாட அபிஷேகம் பேழைக்குள் இருக்கும் சிறிய மரகத லிங்கத்துக்கு நடக்கிறது. அவர் புறப்படும்போதும் மற்றக் கோயில்களைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக நடந்துவிட முடியாது. தியாகேசர் திருமாலின் மார்பில் இருந்தபோது திருமாலின் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கி ஆடியது அஜபா நடனம் என்பது புராணம். சுவாமியைச் சுமக்கும் சீபாதம் தாங்குவோர் அந்த அசைவையே தங்கள் நடையில் கொண்டுவருகிறார்கள். நாகப்பட்டினம், திருநள்ளாறு, திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் ஆகிய, தியாகேசர் எழுந்தருளியிருக்கும் மற்ற ஆறு விடங்கத் தலங்களிலும் நடனம் வேறு, நடை வேறு. சிற்பி கல்லில் வைக்கும் கணக்கை இங்கே மனிதக் கால்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கின்றன.

மாலை வழிபாடான சாயரட்சைக்கு ஒருநாள் நீங்கள் வர வேண்டும். தேவர்களெல்லாம் அவ்வேளையில் ஆரூருக்கு வந்துவிடுகிறார்கள் என்பது மரபு. ஐந்து முகமுடைய பஞ்சமுக வாத்தியத்தின் முழக்கத்தையும், அங்கேயே வழிவழியாக வாசிக்கப்பட்ட பாரி நாயனம் என்னும் நாகஸ்வர வகையின் ஒலியையும் வேறு கோயில்களில் கேட்பது அரிது. முத்துசுவாமி தீட்சிதர் 1775இல் இவ்வூரில் பிறந்து, யோகத்தில் அமர்ந்த கமலாம்பிகையின் மேல் நவாவரணக் கீர்த்தனைகள் செய்தவர். இந்த ஒலிகளுக்கு நடுவில் வளர்ந்தவர் வேறெப்படிப் பாடியிருப்பார்!

தேரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; நீங்களே வடம் பிடித்திருக்கிறீர்கள். 'ஆழித்தேர் வித்தகனை நான்கண்டது ஆரூரே' என்று அப்பர் பாடிய ஊரில், 1920களில் எரிந்துபோன தேருக்குப் பதிலாகப் புதிய தேர் செய்து 1930இல் மீண்டும் ஓட்டினார்கள். அலங்கரித்த பின் 96 அடி உயரம் நிற்கும் அந்தத் தேருக்கு இன்று திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் இருக்கின்றன. ஆனாலும் வீதி முனையில் அதைத் திருப்ப சக்கரத்தடியில் கட்டை கொடுக்கும் முட்டுக்கட்டைக்காரர்களின் கைதான் வேண்டியிருக்கிறது.

தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். விண்ணுலகிலிருந்து முசுகுந்தச் சக்கரவர்த்தி தியாகேசரைக் கொண்டுவந்த கதை, மராட்டியர் காலத்து ஓவியங்களாக, ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதி அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. அடியார் கூட்டத்தை வணங்காமல் சுந்தரர் கடந்து போனதும், விறன்மிண்டர் சினந்ததும், 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகை பிறந்ததும் அம்மண்டபத்தை ஒட்டித்தான். சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கு வித்து அந்தப் பதினொரு பாடல்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இராசராசன் பெரிய கோயிலுக்குச் செய்தளித்த திருமேனிகளுக்குத் தஞ்சை விடங்கர், தட்சிணமேரு விடங்கர் என்று பெயரிட்டதற்கு ஆரூர் வீதிவிடங்கராகிய தியாகேசர் மேல் சோழர் கொண்டிருந்த பக்தியே காரணம் என்று நான் கருதுகிறேன். அவன் கோயிலை ஒட்டிய குடியிருப்பான தளிச்சேரியில் குடியேற்றிய நானூறு ஆடல் மகளிரில் பலர் ஆரூர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள் என்பதை உங்கள் கோயில் கல்வெட்டே பெயர் பெயராகச் சொல்கிறது. திட்டமில்லாத ஆரூரிடமிருந்து திட்டமிட்ட தஞ்சை வாங்கிக்கொண்டது கொஞ்சமல்ல, நண்பரே!

கண் முழுவதும் தேறிய பிறகு, அப்பட்டியலில் ஆரூரிலிருந்து வந்தவர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மார்கழித் திருவாதிரைக்கு முதல் நாள் மாலையே ரயிலில் வந்துவிட்டால் சாயரட்சையையும், விடியலில் பாத தரிசனத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கூட்டம் மிகுதியாக இருக்கும். தங்குவதற்கான ஏற்பாட்டை நான் செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்