மலையில் உச்சி வெயிலில் நிற்கும் சோலார் இன்வெர்ட்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நீலகிரியில் கோத்தகிரி, குந்தா, கேத்தி பக்கத்து ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) சோலார் பேனல் போடுவது பரவி வருகிறது. கூடவே ஒரு புகாரும் பரவுகிறது. பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றி லைனுக்கு அனுப்பும் இன்வெர்ட்டர், காலையில் நன்றாக ஓடி, வெயில் உச்சிக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் தானே ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. மாட்டிக் கொடுத்தவர்கள் இன்வெர்ட்டரை மாற்றித் தருகிறார்கள். புதியதும் அதே நேரத்தில் நிற்கிறது. இப்படி நிற்கும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் பழுதே கிடையாது. விதிப்படி வேலை செய்வதால்தான் அவை நிற்கின்றன.

லைனோடு இணைந்து ஓடும் இந்த கிரிட் இன்வெர்ட்டர், லைனில் வரும் மின்சாரத்தின் அலையோடு தன் அலையைப் பொருத்திக்கொண்டு மின்னோட்டத்தை உள்ளே தள்ளுகிறது. தள்ளுவதற்கு அதன் முனையில் வோல்டேஜ் லைனைவிடச் சற்று உயர்ந்தாக வேண்டும். ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட இந்த உயர்வும் கூடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி வோல்டேஜ் 230 வோல்ட்டின் 110 சதவீதத்தை, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலக வேண்டும். பிறகு வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் குறைந்தது 60 விநாடி நிலையாக இருந்தால்தான் மீண்டும் இணையலாம். நின்று நின்று ஓடுவதன் காரணம் இதுதான்.

மலையில் இது ஏன் அதிகம்? சரிவில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்த லைன் நீண்டு போகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் முழு வெயிலில் சுமார் 13 ஆம்பியர் தள்ளும். வீசல் என்ற வகை அலுமினிய லைன் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்குச் சுமார் 0.91 ஓம். டிரான்ஸ்பார்மரிலிருந்து 500 மீட்டர் தள்ளி உள்ள வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் கம்பி. ஆக லைனில் மட்டும் 12 வோல்ட் உயர்வு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு 30 மீட்டர் தூரம் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினிய சர்வீஸ் ஒயர் என்றால் இன்னும் ஏறக்குறைய 6 வோல்ட். லைன் 240 வோல்ட்டில் இருந்தாலே இன்வெர்ட்டர் முனையில் 258 ஆகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஃபேஸில் 3 கிலோவாட் போட்டுவிட்டால் லைன் உயர்வு இரட்டிப்பாகும்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. நம் விநியோக டிரான்ஸ்பார்மர்களின் வெளியீடு சுமையில்லாத நிலையில் 433 வோல்ட். ஒரு ஃபேஸுக்கு 250 வோல்ட். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் கீசரும் ஓடும்போது கடைசி வீட்டுக்கு 230 போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் பேனல் அதிகம் தருகிற நேரத்தில் ஊர் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது, வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜ் மட்டும். 250க்கும் 253க்கும் இடையில் மிச்சமிருக்கும் இடைவெளி 3 வோல்ட்தான். அதனால் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடுகளிலும் இந்தத் தொல்லை வரலாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும் ஒரு மல்டிமீட்டரும் போதும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்ய வேண்டும். வெயில் நன்றாக அடிக்கும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் ஏசி முனையிலும் மீட்டரிலும் வோல்டேஜைக் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீட்டுக்குள் போட்ட கேபிள் மெல்லியது, அல்லது ஒரு முனை தளர்ந்திருக்கிறது. தொட்டால் சுடுகிற எம்சிபி (தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு இன்வெர்ட்டரின் ஏசி எம்சிபியை அணைத்துவிட்டு மீட்டரில் மறுபடி பார்க்க வேண்டும். 251லிருந்து 239க்கு இறங்கினால் குறை சர்வீஸ் ஒயரிலோ லைனிலோ இருக்கிறது. அணைத்த பிறகும் 248 என்று நின்றால் டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது சர்வீஸ் ஒயரை மாற்றுவது. 4க்குப் பதில் 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் 6 வோல்ட் உயர்வு இரண்டரைக்குக் குறையும். மும்முனை இணைப்பு இருக்கும் வீட்டில் த்ரீ ஃபேஸ் இன்வெர்ட்டரே நல்லது. அதே 3 கிலோவாட் மூன்று ஃபேஸில் பிரிந்து, நியூட்ரலில் ஓட்டமே இல்லாமல் போவதால் 12 வோல்ட் லைன் உயர்வு 2 வோல்ட்டாகிவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேறு எந்த மாற்றமும் தராது.

அடுத்தது இன்வெர்ட்டருக்குள் உள்ள கட்டுப்பாடு. இப்போது வரும் பல மாடல்களில் வோல்ட்-வாட் என்ற அமைப்பு இருக்கிறது, பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். 248 வோல்ட்டில் உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கி 253க்குள் படிப்படியாக இறக்கும்படி வைத்தால், முழுவதும் நிற்பதற்குப் பதில் கொஞ்சம் குறைந்து ஓடும். வேலை செய்யாமல் லைனில் போய் வரும் ரியாக்டிவ் பவரை வைத்து வோல்டேஜை இறக்கும் வோல்ட்-வார் முறையை எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் மெல்லிய தாழ்வழுத்தக் கம்பியில் ரெசிஸ்டன்ஸ்தான் அதிகம், இந்த முறைக்குத் தேவையான ரியாக்டன்ஸ் குறைவு. மேலே சொன்ன 500 மீட்டர் லைனில் பவர் ஃபேக்டரை (மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கை) 0.9 ஆக்கினாலும் 12 வோல்ட்டில் 2 வோல்ட்தான் குறையும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்ப முடியாது.

செய்யவே கூடாத ஒன்றும் நடக்கிறது. இன்ஸ்டாலர் பாஸ்வேர்டைப் போட்டு, உச்ச வரம்பை 253லிருந்து 270க்கு ஏற்றிவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் நிற்காது, வாடிக்கையாளரும் மகிழ்ந்துவிடுவார். ஆனால் அந்த வோல்டேஜ் அதே லைனில் உள்ள அண்டை வீட்டின் எல்இடி பல்புக்கும் டிவிக்கும் போகிறது. பேனலே போடாதவர் நஷ்டப்படுவது நியாயமில்லை.

குளிர் ஊரில் வீட்டுக்கு வீடு கீசர் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 1.3 யூனிட் வேண்டும். வெளியே போகும் மின்சாரம் 2 கிலோவாட்டைத் தாண்டினால் கீசரைப் போடுகிற ரிலேயை ஸ்மார்ட் மீட்டர் வசதியுள்ள இன்வெர்ட்டர்களோடு இணைக்கலாம். நெட் மீட்டரில் வெளியே தந்ததும் வாங்கியதும் யூனிட்டுக்கு யூனிட் கழிகிறதே, இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். இன்வெர்ட்டர் நின்றுபோகாமல் ஓடிய நேரத்தின் யூனிட்தான் லாபம். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டமே கட்டப்படுகிறது. வீட்டளவில் அந்த வேலையைக் கீசர் தொட்டி செய்யும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் பேட்டரியில்லாத சாதாரண இன்வெர்ட்டரும் நிற்கும். லைனில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, யாரும் அதைக் கெடுக்கக் கூடாது. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க வேண்டும். இன்னொரு மலைத் தொல்லை, பனி விழுந்த காலையில் இன்சுலேஷன் குறைவு என்று காட்டி இன்வெர்ட்டர் கிளம்பாமல் இருப்பது. பேனல் அடியில் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 என்ற சொருகு இணைப்பு தகரத்தின் மேல் ஈரத்தில் கிடக்கும், அல்லது இரண்டு வெவ்வேறு கம்பெனி இணைப்புகளைச் சேர்த்துச் சொருகியிருப்பார்கள். ஒரே கம்பெனி இணைப்பாக மாற்றி, பேனலைத் தாங்கும் ரெயிலோடு தூக்கிக் கட்டினால் தீரும்.

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஊட்டியில் உறைபனிக் காலையில் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (மின்னோட்டம் எடுக்காதபோது உள்ள வோல்டேஜ்) 6, 7 சதவீதம் ஏறும். 49.5 வோல்ட் பேனல் 21 வரிசையாகச் சேர்த்த ஸ்ட்ரிங், 25 டிகிரியில் 1,040 வோல்ட், பூஜ்யத்தில் 1,110. இன்வெர்ட்டரின் வரம்பு 1,100 என்றால் அடிவார மேட்டுப்பாளையத்தில் ஓடியது இங்கே எரிந்துபோகலாம். 20 பேனலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்தது பவர் ஃபேக்டர். 100 கிலோவாட் சுமை 0.92ல் ஓடும் ஆலையில் 60 கிலோவாட்டை சோலார் தந்தால், வாரியத்திடமிருந்து வருவது 40 கிலோவாட், ரியாக்டிவ் மட்டும் பழைய 43 கேவார் (ரியாக்டிவ் பவரின் அளவு). மீட்டரில் 0.68 பதிவாகும். உயரழுத்த இணைப்பில் 0.90க்குக் கீழே போனால் அபராதம். பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேனலின் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), சோலார் வந்து சேரும் இடத்துக்கு முன்னால், மீட்டர் பக்கம் இருக்க வேண்டும். அது இடம் மாறினால் கெபாசிட்டர் பேனலுக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது.

மின் வாரியத்திடம் ஒரு வேண்டுகோள். நெட் மீட்டர் அனுமதிக்கு முன், மத்தியான நேரத்தில் அந்தக் கம்பத்தின் வோல்டேஜையும் இணைப்பு எந்த ஃபேஸில் இருக்கிறது என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். ஒரே தெருவில் வரும் சிங்கிள் ஃபேஸ் சோலார் இணைப்புகளை மூன்று ஃபேஸிலும் பங்கிடுங்கள். டேப் வசதி (வெளியீட்டு வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் வசதி) உள்ள டிரான்ஸ்பார்மரில், மாலைச் சுமையையும் அளந்து பார்த்துவிட்டு, ஒரு படி இறக்க முடியுமா என்று பாருங்கள். இவற்றுக்குப் புதுச் செலவு அதிகமில்லை. மானியம் வாங்கிப் பேனல் போட்ட குடும்பத்துக்கு, அது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்யும்.

இப்படிக்கு,
மின் பொறியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.