இடுப்பில் தெரிவது

அன்புள்ள குமரனுக்கு,

நீ டெக்சாஸிலிருந்து அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை போட்டோ வந்தது. பார்க்கில் நீயும் என் பேரன் நிலனும். அம்மா பார்த்துவிட்டு, பிள்ளை இளைத்துவிட்டான், காலையில் இட்லி கொடுக்கிறார்களா, இல்லை அந்த டப்பாவில் இருப்பதையே பாலில் கொட்டிக் கொடுக்கிறார்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். நான் பார்த்தது வேறு. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். உன் வலது இடுப்பில், பெல்ட்டுக்கு வெளியே, கறுப்பாக ஓர் உறை. உறைக்கு மேலே பிஸ்டலின் பிடி. நிலன் அந்தப் பக்கம்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் நெற்றியும் அந்தப் பிடியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

இதைப் போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படிக்கும்போதே பதில் அடிப்பாய். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

துப்பாக்கி என்றால் மிரளுகிற அப்பன் இல்லை நான். வேலூர்ப் பக்கம் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். நான் 17 வருடம் ராணுவத்தில், அப்புறம் 23 வருடம் பேங்க் வாசலில். பேங்க் வாசலில் நின்றதெல்லாம் தோளில் டபுள் பேரல் துப்பாக்கியோடு, குறுக்கே தோட்டா பெல்ட்டோடு, ஊரே பார்க்கத்தான். நீங்கள் ஓப்பன் கேரி என்று பெயர் வைத்திருப்பதை நான் சம்பளத்துக்குச் செய்தவன். என்னைப் போல அதைச் சுமந்தவர்கள் உன் நண்பர்களில் எத்தனை பேர்?

டெக்சாஸ் சட்டத்தை நீ எனக்கு ஒருமுறை காரில் வைத்துச் சொன்னாய். லைசென்ஸ் உள்ளவர்கள் 2016 ஜனவரி 1 முதல் வெளியே தெரியும்படி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ள, 21 வயது நிரம்பியவருக்கு அந்த லைசென்ஸும் வேண்டாம்; வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எச்-1பி வேலை விசாவில் இருந்தவரை நீ பொதுவாக துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது, கிரீன் கார்டு வந்த மூன்றாம் மாதம் வாங்கினாய். சட்டத்தில் நீ சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால், "இது கௌபாய் மாநிலம்பா, இங்கே காலங்காலமாக இப்படித்தான்" என்றாய் பார், அது தப்பு. உன்னிடமிருந்து ஊர் திரும்பி வந்த பிறகு மெனக்கெட்டுப் படித்தேன், வேறென்ன வேலை எனக்கு. 1871-லேயே டெக்சாஸ் பொது இடத்தில் பிஸ்டல் சுமப்பதைத் தடை செய்துவிட்டது. சில விலக்குகளோடு அந்தத் தடை 1995 வரை, நூற்றிருபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது. நிஜமான கௌபாய்கள் மாடு ஓட்டிக்கொண்டு போன கான்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் ஊருக்குள் துப்பாக்கியோடு சுற்றக் கூடாது என்றுதான் விதி. குதிரையில் போனவனுக்கு இல்லாத உரிமையை டொயோட்டாவில் போகிற நீ காலங்காலமானது என்கிறாய்.

நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2023 மே 6, டல்லாஸ் பக்கத்து ஆலன் ஊர் மாலில் நடந்த துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் செத்தார்கள், அதில் தெலங்கானாப் பெண் ஒருத்தி, இஞ்சினியர். உன் வீட்டிலிருந்து அந்த மாலுக்கு இருபது நிமிடம். அன்று உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பார்த்தால் நீ தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தப் பயம் உனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதைக் கேலி செய்ய மாட்டேன். சுட்டவனை நிறுத்தியது வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

இன்னொன்றும் சொன்னாய். கில்லீன் ஊர் லூபிஸ் ஓட்டலில் 1991 அக்டோபரில் நடந்தது. ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே அம்மா அப்பாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் பிஸ்டலைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரையும் அங்கேயே பறிகொடுத்தார். அதைப் படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. அப்புறம் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டசபைக்கும் போனார். ஆனால் தம்பி, அவர் போராடி 1995-இல் வந்த சட்டம் எதற்கு? துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வதற்கு. சட்டைக்குள், கைப்பைக்குள். ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை. உன் கேஸுக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

இப்போது நான் உனக்குச் சொல்லாத ஒரு கதை. நீ அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்தாய். லைசென்ஸ் புதுப்பிக்க அப்போதெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. அன்று லீவு, அதனால் வேட்டி சட்டை. துப்பாக்கி உறையின் ஜிப் பிய்ந்திருந்தது. துண்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குழல் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஏறினதும் பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. கண்டக்டர் சில்லறையை எண்ணுவது போல அங்கேயே நின்றார், கிட்ட வரவில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக்கொண்டாள். குமரா, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மாதாமாதம் சுயஉதவிக் குழுப் பணம் கட்ட பேங்குக்கு வருவாள், எழுத வராது, அவளுக்குச் சலான் எழுதிக் கொடுப்பதே நான்தான். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அதே துப்பாக்கி, அதே ஆள். காக்கிச் சட்டை மட்டும் இல்லை.

காக்கி இருந்தால் யாரும் என்னைப் பார்த்து யோசிக்க வேண்டியதில்லை. இவன் எதற்கு வைத்திருக்கிறான், யார் கொடுத்தார்கள், யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன், எல்லாவற்றையும் அந்தச் சட்டையே சொல்லிவிடும். அது இல்லாதபோது பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைத் தானே போட வேண்டியிருந்தது. கணக்குத் தப்பினால் உயிர் போகும் என்ற பயத்தோடு. இறங்கும்வரை எனக்கும் நிம்மதி இல்லை. ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரையும், பிடுங்க வருகிறானோ என்றுதான் பார்த்தேன். அன்றைக்கு நான் அந்த ஊர்க்காரனாகவே இல்லை.

நீ டி-ஷர்ட் போட்டிருக்கிறாய். உன்னைப் பார்க்கிறவனுக்கு உன் டி-ஷர்ட் என்ன சொல்லும்? அந்த ஊரில், அந்த நிறத்தில்?

டல்லாஸில் 2016 ஜூலை 7 ராத்திரி நடந்ததை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டதைக் கண்டித்து ஊர்வலம். சட்டப்படி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்களும் அதில் சிலர். எவனோ ஒருவன் மறைந்திருந்து ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றான். உடனே போலீஸ், ஊர்வலத்தில் ரைஃபிளோடு நடந்த ஒரு கறுப்பினக்காரரின் படத்தைப் போட்டு, இவரைத் தேடுகிறோம் என்றது. அவர் பாவம், வெடிச்சத்தம் கேட்டபின் தன் ரைஃபிளை அங்கிருந்த ஒரு போலீஸ்காரரிடமே கொடுத்திருந்தார். விசாரித்து அன்றிரவே விட்டுவிட்டார்கள். ஆனால் அதுவரை அந்த முகம் நாடு முழுக்க ஓடியது. சட்டப்படி அவரும் சரிதான், உன்னைப் போல.

அடுத்த வருடம் பிப்ரவரியில் கான்சாஸின் ஓலாத்தேயில், வேலை முடிந்து பாரில் உட்கார்ந்திருந்த இரண்டு தெலுங்குப் பையன்களை ஈரான்காரர்கள் என்று நினைத்துச் சுட்டான் ஒருவன். ஒருவர் இறந்துபோனார். கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர்களையே யார் என்று சரியாகப் பார்க்காதவன், இடுப்பில் பிஸ்டல் உள்ளவனை நின்று விசாரிப்பானா?

"பார்த்தாலே கிட்ட வரமாட்டாங்கப்பா" என்பாய். எனக்குக் காவல் வேலை சொல்லிக் கொடுத்த பழைய சுபேதார் முதல் நாள் சொன்னது: கொள்ளைக்காரன் உள்ளே வந்தால் பணத்தைப் பார்க்க மாட்டான், உன்னைத்தான் பார்ப்பான், முதல் அடி உனக்குத்தான், அதனால் முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லாமல் நிற்காதே. 23 வருடம் சுவரோடு ஒட்டித்தான் நின்றேன். வலது முழங்கை எப்போதும் துப்பாக்கிக் கட்டைமேல். அந்தப் பழக்கத்தில் இப்போதும் கல்யாண வீட்டில் சுவரோரமாகத்தான் உட்காருகிறேன், அம்மா திட்டுகிறாள். பார்க்கில் உனக்குச் சுவர் எங்கே இருக்கிறது? ஓரிகான் மாநிலம் கிரேஷாமில் 2014-இல் ஒரு பையன் புது பிஸ்டலை இடுப்பில் தெரியும்படி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அப்போதுதான் வாங்கியிருந்தான். ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்து, தன் துப்பாக்கியை எடுத்து நீட்டி, உன்னுடையது எனக்குப் பிடித்திருக்கிறது கொடு என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். சிரிக்காதே. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

போன வருடம் நான் அங்கே இருந்தபோது மளிகைக் கடைக்குப் போனோமே. வாசல் கண்ணாடியில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் 30.07 அறிவிப்பு, வெளியே தெரியும் கைத்துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று. நீ முணுமுணுத்துக்கொண்டே காருக்குத் திரும்பினாய். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிஸ்டலை உருவி, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாய். வெளியே வந்ததும் மறுபடி எடுத்து மாட்டினாய். அடுத்த கடையிலும் அதே. வால்மார்ட்டும் தன் எல் பாசோ கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2019-இல் இப்படித் தெரியக் கொண்டு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. ஒரு மாலையில் நீ அதை உருவியதும் செருகியதும் நாலு தடவை. பின் சீட்டில் நிலன்.

ராணுவத்தில் நாங்கள் யுத்த பூமியில் இல்லாத நாளெல்லாம் ஆயுதம் கோத் என்கிற ஆயுத அறையில்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். ரேஞ்சில் சுட்டு முடித்தால் காலிக் கூடுகளை எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தால் இருட்டும்வரை புல்லைத் தடவிக்கொண்டு கிடப்போம். சுடுவதற்கென்றே பழக்கப்பட்டவர்களை இவ்வளவு நம்பாமல் வைத்திருந்தார்கள். ஏனென்றால் துப்பாக்கி தவறி வெடிப்பது எடுத்து வைக்கும்போதுதான். பேங்கில் நான் பாத்ரூம் போனால்கூட அது கூடவே வரும். உன்னுடையது எங்கே போகிறது, ஆபீஸ் பாத்ரூமில் கொக்கியில் தொங்குகிறதா? இதை நீ வாங்கும்போது யாராவது கேட்டார்களா?

17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்தால் உங்கள் மாநிலத்திலேயே குற்றம். வீட்டில் பெட்டி வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறாய், பார்த்தேன், சந்தோஷம். ஆனால் வெளியே போகும்போது அது அவன் கண்ணுக்கு நேரே, கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டு வருகிறது. நாலு வயதில் நீ என் தோட்டா பெல்ட்டிலிருந்து ஒன்றை உருவி, பம்பரம் என்று தரையில் சுற்றிவிட்டவன். அந்த ஞாபகம் எனக்குத்தான் இருக்கும், உனக்கு இருக்காது.

வைத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் வீடு, உன் ஊர், உன் பயம். வீட்டில் பூட்டி வை. எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்றால் லைசென்ஸ் வகுப்புக்குப் போ, சட்டம் வேண்டாமென்று சொன்னாலும் போ, சட்டைக்குள் வைத்துக்கொள். நிலனோடு போகும்போது அதுவும் வேண்டாம். இடுப்பில் தெரிய மாட்டிக்கொண்டு நடக்காதே.

நான் ரிட்டயர் ஆனபோது டபுள் பேரலை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் வலது தோள் தூக்கிக்கொண்டே இருந்தது, கண்ணாடியில் பார்த்தால் கோணலாகத் தெரிந்தது. 23 வருடத்தில் ஒரு தோட்டா சுடவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது. மருமகளிடம் சொல், அம்மா உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறும் போட்டோ அனுப்பு. ஆனால் முழு ஆளாக எடு. இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்து அனுப்பினால் எனக்குப் புரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா