கெர்னல் பத்தியும் தமிழ்ல எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல போன் விலைதான் நெறைய வருது, ஏ.எல். (உயர்தரம்) வகுப்புல ஐசிடி, அதாவது கம்ப்யூட்டர் பாடம், படிக்கிற எங்க மலையக பிள்ளைங்களுக்கு உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு தமிழ்ல வாசிக்க ஒண்ணும் கிடைக்கிறதில்ல.

லினக்ஸ் கெர்னலையே எடுங்க, லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி அது. ஈதர்நெட்ங்கிற கேபிள் நெட்வொர்க்ல ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) வந்தா, அதோட முன்னுக்கு இருக்கிற ஹெடர்ல உள்ள டைப் நம்பரைத்தான் பார்க்கும், அது எந்த புரோட்டோகால் (நெட்வொர்க் விதிமுறை)னு சொல்ற நம்பர், ஹெக்ஸ்ல (16 அடி எண்ல) 0800னா ஐபிவி4, 0806னா ஏஆர்பி, 86டிடின்னா ஐபிவி6, அந்த நம்பருக்கு எந்த ஹேண்ட்லர் (பாக்கெட்டை கவனிக்கிற ஃபங்ஷன்) பதிஞ்சிருக்குன்னு ஹேஷ் டேபிள்ங்கிற அட்டவணையில தேடி அந்த ஃபங்ஷனை கூப்பிடும், தோட்ட ஆபீசுக்கு வர்ற தபாலை டிவிஷன் வாரியா பிரிக்கிற மாதிரி. அதோட முடியாது, ஐபி ஹெடர்ல இன்னொரு நம்பர் இருக்கு, 1 ஐசிஎம்பி, 6 டிசிபி, 17 யூடிபி, அதை வச்சு மறுபடி பிரிப்பு. யாருமே பதியலன்னா பாக்கெட் டிராப் தான், அதாவது தூக்கிப் போட்டுடும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது, பாக்கெட்டை பிடிச்சு காட்டுற டிசிபிடம்ப் மாதிரி புரோகிராம்கள் எல்லா பாக்கெட்டும் வேணும்னு பதியிறதுக்கு தனி லிஸ்ட் இருக்கு, உள்ள வர்ற பாக்கெட் அதுக்குத்தான் முதல்ல போகும், அதனாலதான் ஐபிடேபிள்ஸ்ங்கிற லினக்ஸ் ஃபயர்வால் (வேண்டாத பாக்கெட்டை தடுக்கிற காவல்) தடுக்கிற பாக்கெட்டும் டிசிபிடம்ப்ல தெரியுது. இதெல்லாம் எங்க பிள்ளைங்களுக்கு நல்லாவே புரியும் ஐயா, வாரம் அரைப்பக்கமாவது ஒதுக்குங்க, எழுத ஆள் வேணும்னா இங்க ஐசிடி டீச்சர்மார் இருக்கோம்.

இப்படிக்கு,
ஐசிடி டீச்சர், ஹட்டன்