மழையோடு விழும் உரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவீடன், பின்லாந்து பக்கத்து ஊசியிலைக் காடுகள் நைட்ரஜன் மாசால் கூடுதலாக வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன என்று சென்ற இதழில் படித்தேன். தகவல் சரிதான். ஆனால் மாசிலும் ஒரு நன்மை என்று கட்டுரையை முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன் நான். எங்கள் செட்டிநாட்டுச் செம்மண்ணில் யூரியாவை அள்ளி வீசினால் பயிர் கருகருவென்று எழும்பும், பார்க்கக் கண் நிறையும். அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வரும். ஒரு காற்று மழைக்குக் கதிரோடு சாய்ந்துவிடும்.

அந்தக் காடுகளில் நைட்ரஜன் எப்போதும் பற்றாக்குறை. வாகனப் புகையிலும் மாட்டுப் பண்ணைகளிலும் உரமிட்ட வயல்களிலும் கிளம்புவது மழையோடு இறங்க, மரம் பருக்கிறது. அங்கே மரத்தைவிட மண்ணில்தான் கரிமம் அதிகம். மண்ணிலும் அது கூடுகிறது, ஆனால் எப்படி? நைட்ரஜன் தாராளமானதும், வேரோடு வாழும் பூஞ்சைக்குக் கொடுக்கும் சர்க்கரையை மரம் குறைத்துக்கொள்கிறது. பூஞ்சை மெலிகிறது, சருகு மக்குவது மந்தமாகிறது. மக்காமல் கிடப்பதைத்தான் சேமிப்பு என்று எண்ணுகிறோம்.

எனக்கு மனசு கேட்காதது இன்னொன்று. அந்தக் காட்டுத் தரையில் மெத்தை போல, சிற்றிலைகள் கொண்ட தரைப்பாசி படர்ந்திருக்கும். அதன் இலைகளுக்குள் நுண்ணிய நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. நெல் வயலில் நாங்கள் தூவுகிறோமே, அந்த வகையறாதான். வெளியிலிருந்து நைட்ரஜன் வந்து விழுந்தால் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. யூரியா போட்ட வயலிலும் அப்படித்தான்.

சரி, கிடைத்த லாபம் எவ்வளவு? சுவீடன் காடுகளில் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நைட்ரஜன் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாம் எரித்து வெளியேற்றும் புகைக்கு முன்னால் அந்தக் கூடுதல் சேமிப்பு சொற்பம். அளவு மீறினால் மண் புளித்து, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கழுவிக்கொண்டு போகும். நைட்ரஜனில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மேலே போகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றும்.

நெல்லுக்கு இடும் யூரியாவில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. அதைப் பிரித்து இடுவது, பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்து இடுவது, கொழுஞ்சி என்னும் பசுந்தாள் உரச் செடியை மடக்கி உழுவது பற்றியெல்லாம் விரிவாக எழுதுங்கள். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் வந்தால், எங்கள் கண்மாய்க்கரையில் நானே எல்லாருக்கும் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காரைக்குடி வட்டாரம்