அலமாரி லாரியில் ஏறிவிட்டது

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. உனக்காக நான் செய்த தேக்கு அலமாரியை நேற்று லாரி ஆபீசில் ஒப்படைத்துவிட்டோம். டெல்லி வந்து சேர எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்கிறார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாம். ஆனால் கட்டைப் பிரித்து மரங்களைத் தரையில் பரப்பிவிட்டு நிற்கும்போது, எது எதோடு சேரும் என்று திரும்பத் திரும்பப் பார்க்க எழுத்தில் இருந்தால்தான் உதவும்.

முதலில் ஒன்று. அதை நிமிர்த்தி நிறுத்த யார் வந்தாலும் சரி, ஆணி அடிக்கவோ பெவிகால் தடவவோ விடாதே. இங்கே ஆடுகிறதே, ஒரு ஸ்க்ரூ போட்டுவிடட்டுமா என்று நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த இடங்களையெல்லாம் தெரிந்தேதான் தளர்வாக விட்டிருக்கிறேன்.

மரம் வாங்கிய கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். காரைக்குடியில் பழைய வீட்டு மரம் விற்கிற கிடங்கு ஒன்றில் உத்தரக் கட்டைகளைப் பார்த்தோம். மேலே கரி பிடித்து, தொட்டால் கை கறுத்துப்போகும். கடைக்காரர் ஒரு ஓரத்தில் மரம் சீவுகிற இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே தேன் நிறம். கிட்டே போனால் தோல் பதனிட்ட மாதிரி ஒரு வாசனை. பர்மா தேக்கு. அந்தப் பக்கத்து வீடுகளில் அது ஆச்சரியமில்லை. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடிக்கிற வரைக்கும் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் அங்கே கொடிகட்டிப் பறந்தது, போன கப்பல்கள் திரும்பி வரும்போது மரமும் வந்தது. ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரம் என்பதால் அது காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்து முடிந்துவிட்டது. பச்சை மரம் வாங்கியிருந்தால் ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் அடுக்கிக் காயவைக்க வேண்டும் என்பது ஆசாரிகளின் கணக்கு.

பழைய மரத்தில் ஒரே தொல்லை ஆணி. மேலே தலை தெரியாது, உள்ளே துருவேறி உட்கார்ந்திருக்கும். மரம் அறுக்கிற மில்லில் அதைக் கண்டாலே பயப்படுவார்கள், வாள் பட்டால் பல் போய்விடும். அதனால் அப்பா ஒரு காந்தத்தை நூலில் கட்டி, ஒவ்வொரு கட்டையின் நான்கு முகத்திலும் அங்குலம் அங்குலமாக ஓட்டினார். காந்தம் சாய்கிற இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம். வட்டத்துக்குள் தோண்டித் தோண்டி எடுத்த ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கையால் அடித்த நாற்பட்டை ஆணிகள். அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்கிறார்.

சரி, ஏன் ஆணி கூடாது என்பதற்கு வருகிறேன்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், வறண்டால் சுருங்கும். வெட்டி நூறு வருஷம் ஆனாலும் இது நிற்பதில்லை. தேக்கு இதில் அடக்கமான மரம்தான், ஆனாலும் அசையும். உன் அலமாரியின் பக்கவாட்டுப் பலகை 13 அங்குல அகலம். உங்கள் ஊரில் மே மாதத்து வறட்சிக்கும் ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்துக்கும் நடுவே அது கிட்டத்தட்ட ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடிக் குறையும். கண்ணுக்குச் சின்னதுதான். ஆனால் அந்த ஒரு நூலுக்கு இடம் கொடுக்காவிட்டால் மரம் தானே இடம் உண்டாக்கிக்கொள்ளும். ஆச்சி வீட்டுப் பூஜை அலமாரியின் கதவில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரிசல் இருக்குமே, நீ சின்ன வயதில் விரலை விட்டுப் பார்ப்பாயே, அது அப்படி வந்ததுதான். பலகையின் நான்கு பக்கமும் ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள்.

எனக்கு இழைக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் வாரத்திலேயே சொன்னது இதைத்தான்: "மரத்தைக் கட்டிப்போடக் கூடாது டீச்சர். கட்டிப்போட்டா வெடிச்சிரும்." அவர் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது என்று இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அதனால் கதவிலும் பக்கவாட்டிலும் சட்டம் மட்டும்தான் இறுக்கமாகக் கூட்டியது. சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதற்குள் பலகையைச் செருகி நிறுத்தியிருக்கிறேன். பசை இல்லை, ஆணி இல்லை. காடிக்குள் அது விரியவும் சுருங்கவும் இடம் உண்டு. கையால் தட்டினால் லேசாகக் கடகடக்கும், அதைக் கேட்டுப் பயப்படாதே. பலகைக்குச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே விளிம்பு வரைக்கும் பாலிஷ் போட்டுவிட்டேன். பூட்டிய பிறகு போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

ஆகஸ்டில் கதவு இறுகினால் யாரையும் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதே. அப்போது இழைத்தால் மே மாதத்தில் கதவுக்கு நடுவே விரல் நுழையும். அக்டோபர் வரை பொறுத்துக்கொள், தானாகச் சரியாகிவிடும். டிராயர் இழுக்கக் கஷ்டமாக இருந்தால் அடிச்சட்டத்தில் ஒரு மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடு, போதும்.

மொத்தம் 7 அடி உயரம், 5 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். எடை 200 கிலோவுக்குக் குறையாது. இதை ஒரே பெட்டியாகச் செய்திருந்தால் உங்கள் அபார்ட்மென்ட் லிப்டில் ஏறாது, படியிலும் திரும்பாது. அதோடு நீங்கள் இன்னும் எத்தனை வீடு மாறுவீர்களோ. ஆகவே முழுக்கக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி செய்தேன். குறுக்குச் சட்டங்களின் முனையை நாக்காகச் சீவியிருக்கிறேன். அந்த நாக்கு, நிற்கிற சட்டத்தில் போட்ட துளை வழியே புகுந்து மறுபுறம் இரண்டு அங்குலம் வெளியே நீட்டும். நீட்டிய பகுதியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஆப்பைச் செருகி மரச் சுத்தியலால் தட்டினால் எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வறண்ட காலத்தில் தளர்ந்தால் இன்னும் ஒரு தட்டு. வீடு மாறும்போது கீழிருந்து தட்டினால் ஆப்பு வெளியே வந்துவிடும். எந்தத் துண்டும் இரண்டு பேர் தூக்க முடியாத எடை இல்லை.

சேருகிற இடங்களில் உள்பக்கமாக உளியால் எழுத்து வெட்டியிருக்கிறேன். அ எழுதிய நாக்கு அ எழுதிய துளைக்குள் போகும், ஆ ஆவுக்குள். இந்த வேலையைக் குட்டியிடம் கொடு. எழுத்துகளை இப்போதுதானே படிக்கிறாள், தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஔ வரைக்கும் வந்திருக்கிறது.

நடுவில் ஒரு நிலைச் சட்டம் எதற்கு, அது இல்லாமல் இருந்தால் தட்டு அகலமாக இருக்குமே என்று வரைபடம் பார்த்தபோது கேட்டாய். புத்தகம் அடுக்கினால் தட்டு தொய்யும். ஒரே சீராகப் பாரம் ஏற்றிய பலகைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்கு ஆகும். பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் மரமும் எடையும் இரட்டிப்பாகும். 5 அடித் தட்டை நடுவில் தாங்கி இரண்டரை அடி ஆக்குவதுதான் மலிவான வழி. உன் சட்டப் புத்தகங்களை மேலே ஏற்றாதே, கீழ்த்தட்டில் வை. பாரம் கீழே இருந்தால் அலமாரி ஆடாமல் நிற்கும்.

இத்தனை கஷ்டப்பட்டு எதுக்கும்மா, கடையில் ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துடுமே என்று கேட்டாய். அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் முன்பு வாங்கிய அந்த அலமாரி, ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கியதும் அடிப்பக்கம் ரொட்டி மாதிரி ஊதிப்போனது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அதைத் திருப்பிப் பழுது பார்க்க வழியே இல்லை. நான் செய்ததில் எந்தத் துண்டு கெட்டாலும் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வேறு செய்து போடலாம். நான் இல்லாவிட்டாலும், எந்த ஊரிலும், கைவேலை தெரிந்த ஒரு தச்சர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

இன்னொன்றும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் செங்கோணம் வரைந்தவள் நான். இப்போது பெட்டியைக் கூட்டிவிட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு டேப் பிடித்து, பிறகு மற்ற மூலைவிட்டத்தையும் அளக்கிறேன். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கிற பெட்டியில் இரண்டும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம். அந்த அளவு ஒத்துவருகிறபோது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வருவதில்லை, செல்வி. காலையில் கொல்லைப்புறத்தில் வெயில் ஏறுவதற்கு முன் இழைக்கத் தொடங்குவேன். தேக்கில் மணல் சத்து உண்டு, இரும்பைச் சீக்கிரம் மழுக்கிவிடும், ஆகையால் அடிக்கடி கல்லில் தீட்ட வேண்டும். தீட்டி முடித்த முதல் இழுப்பில் சத்தமே மாறும். கரகரப்பு போய் நீளமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்' வரும். சீவல் உடையாமல் பலகையின் முழு நீளத்துக்கும் சுருண்டு விழும், வெளிச்சத்தில் பிடித்தால் மரத்தின் ரேகை தெரியும். இழைப்புளி எதிர் ரேகையில் போனால் உடனே மரத்தைப் பிய்த்துவிடும், பலகையைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். எதற்காகச் செய்கிறேன் என்று கேட்டால் உனக்காக என்பது உண்மைதான், இந்தக் காலை நேரத்துக்காகவும்தான்.

பாலிஷ் அரக்கில் போட்டது. சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் வெள்ளைத் தழும்பு விழும், சானிடைசர் சிந்தினால் கரையும். விழுந்தாலும் கவலைப்படாதே, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பந்தில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் போதும். ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கதவுகளில் இப்போது நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும், புதிதாக இழைத்த தேக்கு அப்படித்தான் இருக்கும். சில வாரம் வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒரே பொன்னிறத்துக்கு வந்துவிடும். நேர் வெயில் மட்டும் வேண்டாம். ஏர்கூலர் காற்று நேராகப் படுகிற இடத்திலும் வைக்காதே. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்து.

பூட்டி முடித்ததும் கதவுகள் ஒன்றுக்கொன்று மேலே கீழே நின்றால் கதவில் குற்றமில்லை, தரை சமமில்லை என்று அர்த்தம். கதவைத் தொடாதே. எந்தக் கால் தூக்கி நிற்கிறது என்று பார்த்து அதன் அடியில் மெல்லிய மரச் சீவலை வை. கதவுகள் தானாகச் சமத்துக்கு வரும்.

இடமில்லை, இந்த வீட்டுக்குப் பெரிது என்று தோன்றினாலும் மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல். மேல் பாதியைக் கழற்றி வேறு அறையில் தனி அலமாரியாக நிறுத்தலாம், அதற்கும் அடிப்பீடம் ஒன்று செய்து அனுப்புகிறேன்.

ரசீது நகல் இதோடு இருக்கிறது. மொத்தம் 14 கட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிப் பார். ஆப்புகள் சிவப்புத் துணிப்பையில், 9 என்று எழுதிய கட்டுக்குள் இருக்கின்றன. வந்ததும் பிரித்து, நாலைந்து நாள் அந்த அறையிலேயே கிடக்கட்டும், உங்கள் ஊர்க் காற்றுக்கு மரம் பழகட்டும். அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு பூட்டுங்கள். அன்றைக்கு நானும் அப்பாவும் வீட்டில்தான் இருப்போம், எந்த எழுத்தில் நின்றாலும் வீடியோ கால் போடு.

அன்புடன்,
அம்மா