லொங்கரோனேயில் அணை உடையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வட இத்தாலிப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் லொங்கரோனேயைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் கடந்துவிட்டார். 1963இல் அணை உடைந்து பழைய ஊர் அழிந்ததாம். இப்போது இருப்பது வெறும் கான்கிரீட் ஊர், இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லையாம். பொதுப்பணித்துறையில் அணைகளோடு காலம் தள்ளியவன் நான். இரண்டுமே சரியில்லை.

அணை உடையவே இல்லை. 261.6 மீட்டர் உயர வயோந்த் அணை இன்றும் அங்கேயே நிற்கிறது.

பெல்லூனோ மாவட்டத்தில், பியாவே ஆற்றின் வலது கரையில் இருக்கிறது லொங்கரோனே. ஒரு காலத்தில் மலைக்காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி வெனிஸ் வரை மிதக்கவிட்ட ஆறு அது. ஊருக்கு நேர் எதிரே, மலையைப் பிளந்துகொண்டு வயோந்த் ஓடை வந்து சேர்கிறது. ஒடுக்கமான இடுக்கு, வளைவு அணைக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? கோளாறு அணை நின்ற இடத்தில் இல்லை, நீர்த்தேக்கத்தின் தென்கரையில் இருந்த தொக் மலையில் இருந்தது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படலங்கள். எப்போதோ சரிந்து வந்து உட்கார்ந்த மலைத்துண்டு இது என்று எச்சரித்தவர் நிலவியலாளர் எதோவார்தோ செமென்சா. அணையை வடிவமைத்தவரின் சொந்த மகன்!

1960 நவம்பர் 4 அன்று ஏழு லட்சம் கனமீட்டர் பாறை நீர்த்தேக்கத்தில் சரிந்தது. மலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு விரிசல் விட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி மலையை மெல்ல நகரவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டரில் இருந்தால் ஆபத்தில்லை என்று சிறிய மாதிரி வைத்துச் செய்த சோதனையும் சொன்னது. சோதனையில் சரளைக்கல்லைத்தான் சரித்துப் பார்த்தார்கள். மலையோ ஒரே கட்டியாக வந்தது.

1963 அக்டோபர் 9. ஐரோப்பியக் கோப்பையில் ரியல் மாட்ரிட்டும் ரேஞ்சர்ஸும் மோதிய இரவு. வீட்டில் டிவி இல்லாதவர்கள் ஆட்டம் பார்க்க லொங்கரோனேயின் மதுக்கடைகளில் கூடியிருந்தார்கள். 10.39க்கு, சுமார் 26 கோடி கனமீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் நீரில் இறங்கியது. எழும்பிய தண்ணீர் அணையைத் தாண்டிக் குதித்து, இடுக்கு வழியாக நேராக ஊருக்குள் பாய்ந்தது. மேட்டுப் பகுதியில் கொஞ்சம் தப்பியது. பக்கத்துப் பிராகோவில் மிஞ்சியது மணிக்கூண்டும் ஒரு வீடும். மேலே எர்த்தோ, காஸ்ஸோ பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்து இறந்தவர்கள் 1,917 பேர்.

ஆபத்தை முன்பே எழுதியவர் தினா மெர்லின் என்ற பத்திரிகையாளர். பொய்ச்செய்தி பரப்பிப் பொது அமைதியைக் கெடுக்கிறார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1960 நவம்பர் கடைசியில், அந்த முதல் சரிவு நடந்த அதே மாதத்தில், மிலான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பேரழிவு வழக்கோ 1971 வரை இழுத்து, இரண்டே பேருக்குச் சிறைத்தண்டனை, அதிலும் மூன்று மூன்று ஆண்டு தள்ளுபடி. அணை உடைந்தது என்று எழுதும்போது இத்தனையும் கட்டுமானக் குறை என்ற ஒற்றைக் காரணத்துக்குள் போய்விடுகிறது.

அப்புறம் அந்தக் கான்கிரீட். பழைய ஊர் போனபின் வேறு எதைக் கட்டியிருப்பார்கள்? கட்டடக் கலைஞர் மிக்கெலூச்சி வடிவமைத்த தேவாலயத்துக்குக் கூரைமேலேயே திறந்தவெளிப் படிக்கட்டு அரங்கம் இருக்கிறது. அதற்காகவே ரயிலை விட்டு இறங்கலாம். 1959இல் தொடங்கிய ஜெலாட்டோ ஐஸ்கிரீம் கண்காட்சியும் அங்கே இன்றும் நடக்கிறது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
திருநெல்வேலி