மோசம் போகாத ஒருவரின் நன்றி நவிலல்

நன்றி நவிலல் என்று கண்டதும் ஆர் மோசம் போனது என்று தேடுவீர்கள். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. அந்தியேட்டியும் மதிய போசனமும் முடிந்த பிறகுதான் நன்றி அச்சேறும். நான் உயிரோடுதான் இருக்கிறேன். போனது பார்வையில் பெரும்பங்கு. அதற்கு முப்பத்தோராம் நாள் வைக்க ஏலாது என்பதால் இந்த மடல்.

யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் ஒப்புநோக்கியவன் நான். மற்றவர்கள் விட்ட கொம்பையும் அரவையும் குற்றையும் பிடித்துக் கொடுப்பது தொழில். ஒரு கட்டத்தில் வரியின் தொடக்கத்தைப் பார்த்தால் முடிவு தெரியாமற் போயிற்று. கூட இருந்தவர்கள் ஏழெட்டு மாதம் என் பக்கங்களைத் தாங்களே இன்னொரு முறை பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் என் கையெழுத்துக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நன்றி. எனக்கு அது தெரியவந்த அன்று கோபம்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் அதற்கு வெகுகாலம் முந்தியே தொடங்கிவிட்டது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு எண்ணெயில் திரி எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லோரும்தான் தடக்கி விழுந்தார்கள். நான் இரண்டு தரம் கூடுதலாக விழுந்ததை ஆரும் கணக்கெடுக்கவில்லை. மின்சாரம் வந்த பிறகுதான் அம்மா கவனித்தா: "லைற் எரியேக்கையும் இவன் ஏன் கதவு நிலையோடை மோதுறான்?" மாலைக்கண் என்று முருங்கையிலையும் மீனெண்ணெயும் தந்தா. அம்மாவில் பிழையில்லை. விற்றமின் ஏ குறைந்தாலும் இரவுப் பார்வை கெடும், அதற்கு முருங்கையிலை நல்லதுதான். என்னுடையது வேறு.

என்ன வேறு என்று சொன்னவர் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் இருந்த டொக்டர். விழித்திரையின் ஓரமெங்கும் எலும்புத் துணுக்குகள் சிதறினமாதிரிக் கறுப்புத் திட்டுகள். நோயின் பெயர் றெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா. முதலில் மங்கல் வெளிச்சத்துக்கான கோற்கலங்கள் சாகும், பிறகு பகலுக்கும் நிறத்துக்குமான கூம்புக்கலங்களும் அவற்றின் பின்னால் போகும். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல ஆகும். அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அவர் சொன்னது: "இப்ப என்னட்டை இதுக்கு மருந்து இல்லை. வேறை இடத்திலை இருக்கு எண்டு ஆரும் சொன்னால், என்னைக் கேட்டுப்போட்டுக் காசைக் குடுங்கோ."

நான் கேட்கவில்லை. இன்னோர் இடத்தில், பெயர் வேண்டாம், மூன்று மாத மருந்து வில்லைகளுக்கு மனைவியின் காப்பு ஒரு சோடி போயிற்று. வெறுங்கையோடு திரும்பி வந்தபோது டொக்டர் ஒரு சொல் ஏசவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டி அடுத்த திகதி போட்டார். அதற்கும் நன்றி.

2024 ஒக்ரோபரில் மருத்துவ நோபல் பரிசு விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்காகக் கிடைத்தது என்று வானொலியில் கேட்டேன். அண்ணாவின் மகள், என் பெறாமகள், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் உயிரியல் படிக்கிறாள். "எங்கடை கண்ணுக்கும் இதுக்கும் ஏதும் தொடுப்பு இருக்கோ?" என்று கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பதில் வந்தது. ஆங்கிலத்தில் அவள் அனுப்பியதைத் தமிழாக்கி எனக்கு வாசித்தது எங்கள் வாசிகசாலைக்கு வரும் உயர்தரப் பிள்ளை ஒருத்தி. இந்த மடல் முக்கியமாக இவர்கள் இரண்டு பேருக்கும்தான்.

அவர்கள் எனக்கு விளங்கப்படுத்தியது இதுதான். கலத்தின் கருவில் டி.என்.ஏ. என்ற மூலப்பிரதி இருக்கிறது. அதிலிருந்து எடுத்த படி, அதாவது தூது ஆர்.என்.ஏ., அச்சுக்கோர்ப்பவரிடம் போகிறது. அவர் கோர்த்து எடுப்பது புரதம். மைக்ரோ ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்தையும் ஆக்காது. ஏறக்குறைய 22 எழுத்து நீளமான துண்டுச்சீட்டு அது. போகிற படியில் தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்தப் படி கோர்க்கப்படாமல் கிடக்கும், அல்லது கிழிபடும். "சித்தப்பா, நீங்கள் செய்த வேலைதான்" என்றாள் பெறாமகள். இல்லைப் பிள்ளை. நான் பிழையைத்தான் வெட்டினேன். இது பிழையே இல்லாத படியையும் 'இவ்வளவு காணும்' என்று நிறுத்துகிறது. அது ஆசிரியபீடத்து வேலை.

முதலாவது சீட்டை 1993இல் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவில் கண்டார்களாம். ஏழு வருடம் அதைப் புழுவின் விசித்திரம் என்றே பலர் விட்டிருக்கிறார்கள். 2000இல் இரண்டாவது அகப்பட்டு, அது மனிதரிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

விழித்திரையில் 183, 96, 182 என்று மூன்று சீட்டுகள் ஒரே இழையிலிருந்து பிறக்கின்றன. பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளுக்கு எங்கள் ஆட்களைப்போல நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் இல்லை. எலியின் கூம்புக்கலங்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்டாவதையே நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். கலம் சாகவில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பிடிக்கும் வெளித்துண்டம் தேய்ந்து இல்லாமற் போயிற்று. வீடு நிற்கிறது, யன்னல் இல்லை. 182ஐயும் 183ஐயும் மட்டும் திருப்பிக் கொடுத்ததும் அந்த வெளித்துண்டம் அழியாமல் தப்பியது. 2014இல் வந்த இந்த ஆய்வு பாசலில், பெறாமகள் இருக்கும் ஊரிலேயே, பிரீட்ரிக் மீஷர் நிறுவனத்தில் நடந்தது. அதே நிறுவனத்தார் 2010இல் இன்னொன்றும் கண்டிருந்தார்கள்: இந்த மூன்றும், இவற்றோடு 204, 211 என்பனவும், இருட்டில் விறுவிறென்று குறைந்து வெளிச்சத்தில் ஏறுகின்றன.

அதைக் கேட்டதும் எனக்கு ஜாம் போத்தல்தான் நினைவுக்கு வந்தது. அந்த வருடங்களில் என் கண்ணுக்குள் இவை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். "அது எலியிலை பார்த்தது, சித்தப்பா" என்று மட்டும் பதில் வந்தது. காப்பு விற்றுக் காசு கொடுத்த இடத்தில் ஒருவராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்.

என்னை நித்திரை கொள்ளவிடாதது 204இன் கதை. 2015இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சீட்டில் ஒரேயோர் எழுத்து மாறி, தலைமுறைக்குத் தலைமுறை விழித்திரை சிதைந்திருக்கிறது. மேலே சொன்ன 96இலும் அப்படித்தான், ஓர் எழுத்து மாறினால் காது கேளாமற் போகும். இருபது வருடத்தில் நான் எத்தனை எழுத்தை விட்டிருப்பேன்! ஆகக்கூடினால் மரண அறிவித்தலில் மருமகன் பெயர் பிழைக்கும், அடுத்த நாள் திருத்தம் போடுவோம். இங்கே திருத்தம் போட இன்னும் வழி இல்லை. என் நோய்க்குக் காரணமாகக்கூடிய பரம்பரையலகுகள் எண்பதுக்கு மேல். அவற்றில் ஆர்.பி.இ.65 என்ற ஒன்றின் பிழைக்கு மட்டும் 2017இல் அமெரிக்காவில் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. என்னுடையது எந்தப் பக்கத்து எழுத்து என்று இன்னும் சோதிக்கவில்லை.

வாசித்த பிள்ளையோடு எனக்குச் சண்டையும் உண்டு. நான் மைக்ரோ என்பேன், அவள் நுண் ஆர்.என்.ஏ. என்றுதான் வாசிப்பாள். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்திருக்கிறார், எங்களுக்கு ஒரு சொல் ஆக்க ஏலாதோ என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் இந்த மடலில் என் சொல்தான், ஏனென்றால் சொல்லுவது நான். தட்டெழுதுவது அவள். மாற்றியிருந்தால் கண்டுபிடிக்க இப்போது என்னிடம் கண் இல்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கிளினிக் நாட்களில் விடியவே வந்து ஹோர்ன் அடிக்காமல் காத்திருக்கும் ஓட்டோ அண்ணை. வரிசையில் என் இலக்கத்தைத் தானே வந்து காதில் சொல்லும் நேர்ஸ் அக்கா. காப்பைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை எடுக்காத என் மனைவி.

வாசிகசாலைப் பெடியளுக்கும் சொல்ல வேண்டும். வாசலில் சைக்கிள் விடுவதை மறுபக்கம் மாற்றினார்கள். படிகளின் விளிம்புக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார்கள், மிச்சமிருக்கும் பார்வைக்கு அது நன்றாகவே தெரிகிறது. மூன்றாவது படிக்கு மட்டும் பெயின்ற் போதாமற் போயிற்றாம். பரவாயில்லை, அந்தப் படியைப் பாடமாக்கிவிட்டேன்.